ஸோஜிலா: குறையும் நாள்கள், குறையாத அபாயம்

புது தில்லி: காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் ஸோஜிலா கணவாய், 2025-ஆம் ஆண்டில் 32 நாள்கள் மட்டுமே மூடப்பட்டிருந்தது. ஒரு காலத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறு மாதங்கள் பனியில் புதைந்து கிடந்த பாதை இது. எல்லைச் சாலைகள் அமைப்பின் இச்சாதனை பாராட்டத்தக்கதே. ஆயினும், சாலை விரைவில் திறக்கப்படுவதாலேயே பயணம் பாதுகாப்பானதாகிவிடாது.

சுமார் 11,500 அடி உயரத்தில், ஒருபுறம் செங்குத்து மலை, மறுபுறம் பெரும் பள்ளம் எனச் செல்லும் குறுகிய பாதை இது. பனிக்காலத்தில் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப்புகளும், சக்கரங்களில் சங்கிலி பூட்டிய வாகனங்களுமே அனுமதிக்கப்படுகின்றன. இவை வழுக்கலைச் சமாளிக்கும். மேலிருந்து சரியும் பனியைத் தாங்கா. அந்த அபாயம் மிகுந்த மாதங்களிலும் இப்போது வாகனங்கள் ஓடுகின்றன.

சாலையை மூடிவைப்பதும் எளிதல்ல. கார்கில், திராஸ் மக்களுக்கு மருத்துவத்துக்கும் சந்தைக்கும் இதுவே முக்கிய வழி. 1999-இல் ஊடுருவியவர்கள் திராஸ் சிகரங்களிலிருந்து குறிவைத்ததும் இந்த நெடுஞ்சாலையைத்தான்.

நிரந்தரத் தீர்வு சுரங்கப்பாதையே. 2018-இல் அடிக்கல் நாட்டப்பட்ட அத்திட்டம், ஒப்பந்தம் ரத்தாகி, 2020 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. 2025 ஜனவரியில் சோன்மார்க் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபோது, ஸோஜிலாவுக்கு 2028 இலக்காகக் கூறப்பட்டது.

பணி முடியும்வரை, கணவாயைத் திறக்கும் நாளைப் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் பனிச்சரிவு எச்சரிக்கையே முடிவு செய்ய வேண்டும். முந்தைய ஆண்டின் சாதனையை முறியடிக்கும் அவசரத்துக்கு விலை கொடுப்பவர்கள் ஓட்டுநர்களும் பயணிகளுமே.