மந்திரிமனையும் பங்குக் கிணறும்

நல்லூரில் பருத்தித்துறை வீதியோரம் உள்ள மந்திரிமனையின் ஒரு பகுதி 2025 செப்டெம்பர் மழையில் இடிந்து வீழ்ந்தது. செய்தி கேட்டுக் கவலைப்பட்டோர் பலர். அறிக்கை விடுத்தோர் அதனினும் பலர். ஆனால், ஒரு மழைக்குத் தாங்காத நிலைக்கு அம்மனையை வரவிட்டவர் யார் என்று கேட்டோர் மிகச் சிலரே. அவ்வினாவை நாம் எழுப்புகின்றோம்.

1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தனர். இராசதானியின் நினைவாக எஞ்சியவை சங்கிலியன் தோப்பின் தோரணவாயில், யமுனா ஏரி, மந்திரிமனை எனச் சிலவே. இன்றுள்ள மனை அரசர் காலத்ததன்று, ஐரோப்பியச் சாயல் கலந்த பிற்காலக் கட்டடம் என்பர் ஆய்வாளர். இருக்கட்டும். அரசிருந்த மண்ணின் நினைவை ஊரார் தலைமுறை தலைமுறையாக அச்சுவர்களிலேயே ஏற்றி வைத்துள்ளனர். அந்நியன் இடித்தமைக்கு நாம் பொறுப்பல்லோம். நம் கண்முன் இடிவதற்கு நாமே பொறுப்பு.

குறையின் மூலம் யாது? கட்டடம் தொல்லியற் சின்னம். காணியோ தனியார் முதுசம். இத்தகைய இடங்களிலே திணைக்களம் உரிமையாளரைக் காட்டும். உரிமையாளர் திணைக்களத்தைக் காட்டுவார். இடையிலே ஆலும் அரசும் சுவரில் வேரூன்றும்.

தனியார் மாளிகையைக் காக்க வழியே இல்லையா? அமெரிக்காவிலே கப்பலாலும் புகையிரதத்தாலும் பெருஞ்செல்வம் திரட்டிய வண்டர்பில்ற் குடும்பத்தைப் பாருங்கள். நியூயோர்க் நகரில் அவர்கள் எழுப்பிய மாளிகைகள் பல 1920களில் விற்கப்பட்டு இடிக்கப்பட்டன. செல்வம் மட்டும் கட்டடத்தைக் காக்கவில்லை. ஆயின், வட கரோலினாவில் 1895 இல் குடிபுகுந்த 250 அறை கொண்ட பில்ற்மோர் மாளிகையை 1930 இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். பார்வையாளர் செலுத்திய கட்டணம் பராமரிப்புக்கு உதவிற்று. உரிமை இன்றும் அக்குடும்பத்திடமே உள்ளது. நியூபோட் நகரின் பிறேக்கர்ஸ் மாளிகை 1948 இல் ஆண்டுக்கு ஒரு டொலர் குத்தகைக்கு ஒரு பாதுகாப்புச் சங்கத்திடம் விடப்பட்டது; 1972 இல் அச்சங்கமே அதனை வாங்கிற்று. உரிமை வேறு, பராமரிப்பு வேறு என்று பிரித்து எழுதிக்கொண்டமை பிறேக்கர்ஸ் மாளிகை பிழைக்க உதவிற்று.

இம்முறை நமக்குப் புதிதன்று. நம் கமக்காரர் பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைக்கின்றனர். சேறு வாரும்போது பங்கின்படி செலவைப் பகிர்கின்றனர். கிணறு இன்னாரின் காணியில் இருக்கின்றது என்பதற்காக அதனைத் தூர்ந்துபோக விடுவார் எவருமில்லை. தோட்டக் கிணற்றுக்குக் காட்டும் அறிவை இராசதானியின் சின்னத்துக்குக் காட்டலாகாதா?

ஆகவே நாம் வேண்டுவது இதுவே: உரிமையாளர், தொல்லியற் திணைக்களம், மாநகர சபை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் ஆகியோர் ஒருங்கே அமர்ந்து, உரிமை கெடாத நீண்டகாலக் குத்தகை உறுதி ஒன்றை எழுதுதல் வேண்டும். உறுதியை வரைய நம்மிடம் சட்டத்தரணிகள் இலரா? சுவரை அளந்து மதிப்பிடப் பொறியியலாளர் இலரா? கூலி பெறாது இப்பணியைச் செய்ய அவர்கள் முன்வருதல் வேண்டும். வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் ஊரறிய வெளியிடல் வேண்டும். ஒருமுறை முட்டுக்கொடுத்து நிறுத்துவதால் மட்டும் மனை பிழைக்காது. மாரி ஆண்டுதோறும் வரும். அதற்கு முன் கூரையைப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும்.