பாட்டி மாற்றிய பூட்டு

சின்ன காஞ்சிபுரத்தில் என் பாட்டியிடம் ஒரு பீரோ இருந்தது. உள்ளே அவளுடைய அரக்குக் கலர் கூறைப்புடவை. சாவி எப்போதும் இடுப்பில். ஒரு வைகாசி கருடசேவையன்று புதுச்சட்டை எடுத்துக்கொள்ளச் சாவியைத் தந்தாள். நான் அதைப் பீரோவிலேயே தொங்கவிட்டு, வாசல் கதவையும் சாத்தாமல் ஓடிவிட்டேன். திரும்பி வந்தால் சாவி அங்கேயே தொங்குகிறது. புடவையும் இருக்கிறது.

“எல்லாம் அப்படியே இருக்கே பாட்டி!”

“இருக்குடா. நடுவுல எவனாவது சோப்புல அச்சு எடுத்தானான்னு சாவி சொல்லுமா?”

மறுநாளே பூட்டை மாற்றிவிட்டாள். நான் சிரித்தேன்.

2014 ஏப்ரலில் சிரிப்பு நின்றது. அப்போது ஊரில் ஒரு பட்டுக்கடையின் இன்டர்நெட் விற்பனையைக் கவனித்துக்கொண்டிருந்தேன். வாங்குபவரின் கார்டு நம்பரை யாரும் ஒட்டுக் கேட்காமல் காப்பது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச லைப்ரரி. உலகத்தில் பாதிப்பேர் அதைத்தான் நம்பியிருந்தார்கள். அதில் ஓர் ஓட்டை. பெயர் ஹார்ட்பிளீட்.

விஷயம் சிம்பிள். ஒருவன் ஒரு முழம் பட்டைக் கொடுத்து, ‘பத்து முழம் கொடுத்தேன், திருப்பிக் கொடு’ என்கிறான். கடைக்காரர் அளந்தே பார்க்காமல், பக்கத்தில் கிடந்த அடுத்தவர் பட்டையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார். அந்த லைப்ரரியும் இப்படித்தான், கம்ப்யூட்டரின் மெமரியிலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்தது. அந்த மெமரியில்தான் ரகசியச் சாவியும் இருக்கும். சாவி என்றால் இரும்பு இல்லை, ஒரு ராட்சச எண். எடுத்தவன் தடயமே இல்லாமல் போய்விடுவான். 2012 மார்ச்சிலிருந்து இரண்டு வருஷம் திறந்தே கிடந்திருக்கிறது!

ஓட்டையை அன்றே அடைத்துவிட்டு, “சாவியையும் மாத்தணும்” என்றேன்.

முதலாளி முகம் சுளித்தார். “அதான் அடைச்சாச்சே. ஒண்ணும் திருடு போகலியே சார்?”

பாட்டி கதையைச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மாத்திடுங்க” என்றார். ராத்திரியே புதுச்சாவி, புது சர்ட்டிபிகேட். பழையது செல்லாது என்று அறிவிப்பும் கொடுத்தோம்.

திருப்தியாகத் தூங்கி மறுநாள் போனேன். புதுச்சாவிக்கான பாஸ்வேர்டு, கல்லாவுக்கு மேலே காலண்டரில், கொட்டை எழுத்தில்.

“மறந்துடக் கூடாதில்ல சார்!”