பாடகருக்கு மாலை, பாட்டுக்கு விலங்கு

2023 ஆகஸ்ட் 6 அன்று ஹைதராபாத்தில் மக்கள் பாடகர் கத்தர் மறைந்தார். மறுநாள் எல்.பி. ஸ்டேடியத்திலிருந்து புறப்பட்ட இறுதி ஊர்வலத்தில் பல்லாயிரக்கணக்கான மக்கள் பாடியபடியே நடந்தனர். அல்வாலில் அவரே நிறுவிய பள்ளியின் வளாகத்தில், அரசு மரியாதையுடன் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1997 ஏப்ரல் 6 அன்று அவரது வீட்டிற்கே வந்து சுட்டவர்களின் குண்டுகளில் ஒன்றை மருத்துவர்களால் முதுகெலும்பிலிருந்து அகற்ற முடியவில்லை. 26 ஆண்டுகள் அதைச் சுமந்துகொண்டே அவர் ஆடிப் பாடினார். அரசு மரியாதை பெற்ற உடலோடு அந்தக் குண்டும் மண்ணுக்குள் போனது.

சுட்டவர்கள் அரசின் நிழலில் இயங்கிய கொலைப்படையினர் என்று கத்தரும் மனித உரிமை இயக்கத்தினரும் குற்றம்சாட்டினர். உயிரோடிருந்த பாடகனைக் குண்டு தேடி வந்தது. உயிர் போன பிறகு மாலை தேடி வந்தது. இந்த முரண்பாட்டை நாம் ஆராய வேண்டும். மக்கள் கலைஞர்களை யார் நினைவுகூர்கிறார்கள், எப்படி நினைவுகூர்கிறார்கள் என்பது வெறும் பண்பாட்டுக் கேள்வி அல்ல. அது அரசியல் கேள்வி.

பாட்டின் வழித்தோன்றல்

தெலங்கானாவின் போராட்டப் பாட்டு கத்தரில் தொடங்கவில்லை. 1946 முதல் 1951 வரை நிஜாமையும் தேஷ்முக்குகளையும் எதிர்த்து நடந்த ஆயுதப் போராட்டத்தில் சுத்தால ஹனுமந்து போன்ற கலைஞர்கள் ஊர் ஊராகப் பாடிச் சென்றனர். பண்டி யாதகிரி நிஜாமுக்கு எதிராகக் கட்டிய பாட்டு கிராமங்களில் வாய்மொழியாகப் பரவியது. பல ஆண்டுகளுக்குப் பிறகு, கௌதம் கோஷ் இயக்கிய ‘மா பூமி’ திரைப்படத்தில் அதே பாட்டைப் பாடி ஆடியவர் கத்தர். தலைமுறைகளைத் தாண்டிப் பாட்டு உயிர்வாழ்வது இப்படித்தான்.

மேதக் மாவட்டத்தின் தூப்ரானில் தலித் குடும்பத்தில் பிறந்த கும்மடி விட்டல் ராவ், வங்கி வேலையைத் துறந்து முழுநேரக் கலைஞரானார். 1913இல் உருவான கதர் கட்சியின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டார். தோளில் கம்பளி, காலில் சலங்கை, கையில் கோல் என்ற தோற்றம் ஆடு மேய்ப்பவரிடமிருந்தும் உழைப்பாளியிடமிருந்தும் எடுக்கப்பட்டது. தீண்டத்தகாதது என ஒதுக்கப்பட்ட தப்புப் பறையை அவரது ஜன நாட்டிய மண்டலி மேடையின் நடுவே வைத்தது.

அவர் நீண்டகாலம் சார்ந்திருந்த இயக்கத்தின் பாதையோடு நமக்கு வேறுபாடு உண்டு. இறுதி ஆண்டுகளில் கோயில்களுக்குச் சென்றதும், பல கட்சிகளின் மேடைகளில் தோன்றியதும் இடதுசாரிகளிடையே விமர்சிக்கப்பட்டன. அந்த விமர்சனத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உழைக்கும் மக்கள் அவரது பாட்டில் தங்கள் வாழ்வைக் கேட்டார்கள் என்ற உண்மை அந்த விமர்சனத்தால் குறைந்துவிடாது.

நினைவைக் கைப்பற்றும் போட்டி

ஆளும் வர்க்கக் கட்சிகள் இந்த நினைவை இரண்டு விதமாகக் கையாள்கின்றன. தெலங்கானாவின் காங்கிரஸ் அரசு, பழைய நந்தி விருதுகளுக்கு ஈடாகத் திரைத்துறைக்குக் கத்தர் பெயரில் விருது அறிவித்தது. 2025 ஜூன் 14 அன்று அவ்விருதுகள் வழங்கப்பட்டன. திரைப்பாடலுக்காகத் தமக்கு அறிவிக்கப்பட்ட நந்தி விருதை ஏற்க மறுத்தவர் கத்தர். அவர் பெயரையே விருதாக்கி நட்சத்திரங்களுக்குச் சூட்டுகிறார்கள். கிராமத்தில் பறை அடித்துப் பாடும் கலைஞருக்கு அதனால் என்ன கிடைத்தது?

மறுபுறம், கத்தருக்குப் பத்ம விருது வழங்க மாநில அரசு பரிந்துரைத்தபோது, ஒன்றிய அமைச்சர் பண்டி சஞ்சய் குமார் அதை வெளிப்படையாக எதிர்த்தார். பாஜகவுக்கு இறந்த பாடகரும் எதிரிதான். ஒரு கட்சி பெயரை வைத்துக்கொண்டு பாட்டை விட்டுவிடுகிறது. மற்றொரு கட்சி இரண்டையும் அழிக்க விரும்புகிறது.

விருதோ, அரசு மரியாதையோ கிடைக்காத மரணங்களும் உண்டு. தெலங்கானா மாநிலக் கோரிக்கைக்காகப் பாடிய, நூற்பாலைத் தொழிலாளியான பெல்லி லலிதா 1999 மே மாதம் போன்கிர் பகுதியில் கொல்லப்பட்டார். அவரது உடல் துண்டுதுண்டாக வெட்டி வீசப்பட்டது. அவருடைய பாட்டும் சேர்ந்துதான் 2014இல் மாநிலம் பிறந்தது. கத்தரைத் தெரிந்த நம் தோழர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்?

கடல் கடந்தும் இதே கதை

அமெரிக்காவில், அடிமைகளின் வாரிசுகள் பருத்தி வயல்களில் வளர்த்த புளூஸ் இசையிலிருந்தே ரிதம் அண்ட் புளூஸ் பிறந்தது. அந்தக் கலைஞர்களின் வாழ்வும் சாவும் இதற்கு வேறானவை அல்ல. 1937இல் சாலை விபத்தில் இறந்த பெஸ்ஸி ஸ்மித்தின் கல்லறைக்கு 33 ஆண்டுகள் ஒரு கல்கூட இல்லை. 1970இல் அதை நட்டவர்கள் அரசோ இசைத்தட்டு நிறுவனமோ அல்ல. பாடகி ஜானிஸ் ஜோப்ளினும், சிறுவயதில் பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்த ஒரு பெண்ணும்தான் அதற்குப் பணம் தந்தனர். பிக் மாமா தார்ன்டன் முதலில் பாடிய ‘ஹவுண்ட் டாக்’ பாட்டை 1956இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியபோது லட்சக்கணக்கில் இசைத்தட்டுகள் விற்றன. தனக்குக் கிடைத்தது ஐந்நூறு டாலர் மட்டுமே என்றார் தார்ன்டன். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வறுமையில் இறந்தார். உழைப்பைச் சுரண்டும் முறை குரலை மட்டும் விட்டுவைக்குமா?

நம் கடமை

தமிழ்நாட்டிலும் இக்கேள்வி எழுகிறது. 29 வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தைத் திரைப்பாடல்கள் காப்பாற்றின. 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடிய பாவலர் வரதராஜனின் குரலை இன்றைய இளம் தோழர்கள் எங்கே கேட்பார்கள்? 2016இல் மறைந்த கே.ஏ. குணசேகரனின் பாடல்கள் எத்தனை கிளைக் கூட்டங்களில் ஒலிக்கின்றன?

பாட்டைக் கண்டு ஆட்சியாளர்கள் இன்றும் அஞ்சுகிறார்கள். டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காக 2015இல் கோவன் மீது தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. கபீர் கலா மஞ்ச் கலைஞர்கள் 2020 செப்டம்பரில் பீமா கோரேகான் வழக்கில் கைதாகி, விசாரணைக் கைதிகளாகவே ஆண்டுக்கணக்கில் சிறையில் கழித்தனர். இறந்த பாடகருக்கு மலர்வளையம் வைத்துவிட்டு, சிறையிலிருக்கும் பாடகரைப் பற்றி மௌனம் சாதிப்பது நினைவேந்தல் ஆகாது.

எனவே நாம் செய்ய வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு மாவட்டத்திலும் இயக்கப் பாடகர்களின் பாடல்களையும் வாழ்க்கைக் குறிப்புகளையும் இப்போதே பதிவு செய்ய வேண்டும். முதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அது நடக்க வேண்டும். மேடைக்கு அழைத்துவிட்டுப் பேருந்துச் செலவோடு அனுப்பிவிடும் வழக்கத்தை நிறுத்தி, கலைஞர்களின் மருத்துவத்திற்கும் வாழ்க்கைக்கும் இயக்கம் பொறுப்பேற்க வேண்டும். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு முறையான ஓய்வூதியம் கேட்டு அரசோடு போராட வேண்டும். பாட்டுக்காகச் சிறைவைக்கப்படும் எவருக்காகவும், அவரது அமைப்பு எது என்று பாராமல் குரல் கொடுக்க வேண்டும்.

யாதகிரியின் பாட்டைக் கத்தர் எடுத்துப் பாடினார். கத்தரின் பாட்டையும், பெல்லி லலிதாவின் பாட்டையும், பாவலரின் பாட்டையும் அடுத்து எடுத்துப் பாட வேண்டியவர்கள் நாம்தான் தோழர்களே.