கியர் எண்ணெயும் படித்த கைகளும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் மகிழுந்து இல்லாமல் காலம் தள்ளுவது கடினம். கிள்ளானில் குடியிருந்து கோலாலம்பூரில் படிக்கின்ற மாணவருக்கும், பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி ஷா ஆலாமில் வேலை பார்க்கின்ற முன்னாள் மாணவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நம்மில் பலர் ஓட்டுவது பிறர் ஓட்டி விற்ற மைவியோ சாகாவோதான். அதுவும் ஆட்டோ கியர். இயந்திரத்தின் கருப்பெண்ணெயைத் தவறாமல் மாற்றுகிறோம். கியர் பெட்டிக்குள்ளும் எண்ணெய் இருக்கிறதே என்றால், "அதையும் மாற்ற வேண்டுமா?" என்று திருப்பிக் கேட்கிறோம்.

மாற்றத்தான் வேண்டும். அதை நாமே மாற்றவும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

(பற்சக்கரப் பெட்டி என்று எழுதினால்தான் தமிழா என்று சிலர் கேட்கக்கூடும். பட்டறையில் உள்ளவர்கள் 'கியர் எண்ணெய்' என்றே சொல்கிறார்கள். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.)

இந்த எண்ணெய் மசகு மட்டுமன்று. இயந்திரத்தின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கடத்துவதும், அழுத்தத்தால் உள்ளே கிளட்சுகளை இறுக்கியும் தளர்த்தியும் கியரை மாற்றுவதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதன் வேலைதான். சூடுதான் அதற்கு எமன். மாலை ஆறு மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் நகர்ந்தும் நின்றும் கிள்ளானுக்குப் போய்ச் சேர்கிறவருடைய கியர் பெட்டி என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். சிவப்பாக இருந்த எண்ணெய் பழுப்பாகி, கருகிய வாடை அடிக்கத் தொடங்கும். அதற்குப் பிறகும் ஓட்டிக்கொண்டே இருந்தால், ஒருநாள் கியர் வழுக்கும். அந்தப் பழுதுக்குச் செலவு ஆயிரங்களில் வரும். கல்விக் கடனைக் கட்டத் தொடங்கிய ஒருவருக்கு அது சிறிய அடியா?

"ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாத எண்ணெய்" என்று சில நிறுவனங்கள் சொல்வதுண்டு. யாருடைய ஆயுள் என்று கேட்கத் தோன்றுகிறது. பல ஐரோப்பிய மகிழுந்துகளுக்குக் கியர் பெட்டி செய்து தருகின்ற ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு ஆண்டுகளில் எண்ணெயை மாற்றச் சொல்கிறது.

வீட்டில் செய்வதானால் முதல் வேலை வாசிப்பு. பெயரை மட்டும் பார்த்து எண்ணெய் வாங்கக் கூடாது. சாகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் வந்தது 4 வேக ஆட்டோ; 2011இன் எஃப்எல்எக்ஸ் சிவிடி; 2019இல் மீண்டும் 4 வேக ஆட்டோ, இம்முறை ஹியுண்டாயிடமிருந்து. மைவியும் 2021இல் டி-சிவிடிக்கு மாறியது. சிவிடியில் பட்டை ஒன்று உருளைகளை இறுகப் பற்றித்தான் விசையைக் கடத்துகிறது. அதற்குரிய எண்ணெய் வேறு. சாதாரண ஆட்டோ எண்ணெயை அதில் ஊற்றினால் கியர் பெட்டியே கெட்டுவிடும். கையேட்டில் எழுதியுள்ள எண்ணெயைத்தான் வாங்க வேண்டும், கடைக்காரர் "எல்லாம் ஒன்றுதான்" என்று சொன்னாலும்.

அளவுக் குச்சி உள்ள பழைய 4 வேக ஆட்டோக்களே கற்றுக்கொள்ள ஏற்றவை. சமதரையில் நிறுத்தி, ஜாக்கியால் தூக்கி, தாங்கிகளின்மேல் இறக்கி உட்கார வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். இதில் விளையாட்டே வேண்டாம். கழற்றப் போவது கியர் பெட்டியின் திருகுதானா என்று இருமுறை பாருங்கள். இயந்திரத்தின் திருகு என்று எண்ணிக் கியர் எண்ணெயை வடித்துவிட்டு, இருக்கின்ற கருப்பெண்ணெயின்மேல் இன்னும் நான்கு லிட்டரை ஊற்றுவது உலகெங்கும் நடக்கின்ற கூத்து. எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்து, எவ்வளவு வந்தது என்று அளந்து, அதே அளவு புதியதை ஊற்ற வேண்டும். திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் இயல்பு. உலோகத் துண்டுகள் இருந்தால் நேரே பட்டறைக்குப் போங்கள். வளையத்தைப் புதிதாகப் போட்டு அளவாக இறுக்குங்கள். பின்னர் இயந்திரத்தை ஓட விட்டு, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியர்களையும் ஒருமுறை தொட்டு வந்து, சூடானபின் குச்சியைப் பார்க்க வேண்டும். ஒருமுறை வடித்தால் பழையதில் பாதிகூட வராது. மீதி உள்ளேயே தங்கிவிடும். ஆகவே சில நாள் ஓட்டிவிட்டு இரண்டாம் முறையும் மாற்றுவது நல்லது.

குச்சி இல்லாத வண்டி, சிவிடி, ஏற்கெனவே வழுக்கத் தொடங்கிவிட்ட கியர் ஆகியவற்றை வீட்டில் தொட வேண்டாம். அங்கேயும் படித்தது வீண்போகாது. எந்த எண்ணெய், எத்தனை லிட்டர் என்று கையேட்டைக் காட்டிக் கேட்கின்ற வாடிக்கையாளரை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

பட்டம் பெற்றவன் கையில் எண்ணெய்க் கறை எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். கேட்கட்டும். கேஎல் சென்ட்ரல் 2001இல் திறக்கப்படுவதற்கு முன் அந்த நிலம் ரயில்வேக்குச் சொந்தமான ரயில் பெட்டி முற்றம். அங்கும் செந்தூல் பணிமனையிலும் உழைத்தவர்களில் நம் தாத்தாமார்கள் இருந்தார்கள். அந்தக் கைகளின் உழைப்பில்தான் பல குடும்பங்களில் முதல் பட்டதாரி உருவானார். கறையைக் கண்டு முகம் சுளிக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

என் கோபமெல்லாம் வேறிடத்தில் இருக்கிறது. வடித்த எண்ணெயை இருட்டியபின் கால்வாயில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். பயன்படுத்திய மசகு எண்ணெயை 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகள் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணிட்டுப் பட்டியலில் வைத்திருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸ் கால்வாயில் ஊற்றியது கிள்ளான் ஆற்றில் சேரும். அந்த ஆறு கிள்ளான் நகரைக் கடந்துதான் கடலுக்குப் போகிறது. கோலாலம்பூரில் ஊற்றிவிட்டுக் கிள்ளானில் இருக்கின்ற அத்தை வீட்டுக்கு விருந்துக்குப் போகலாம்; எண்ணெயும் கூடவே வரும். புதிய எண்ணெய் வந்த போத்தல்களிலேயே பழையதை ஊற்றி, இறுக மூடி, பழக்கமான பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். கழிவெண்ணெய்த் தோம்பு வைத்திருக்கின்ற பட்டறைகள் பல உண்டு. தோம்பு நிரம்பியதும் உரிமம் பெற்றவர்கள் வந்து வாங்கிச் செல்வார்கள். எடுத்துக்கொள்வீர்களா அண்ணே என்று முன்னதாகவே கேட்டுவிட்டுப் போவது நல்லது. தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால் மறுத்துவிடுவார்கள்.