கண்ணாடிக்குள் பூ: ரீல்ஸில் வராத பாதி வேலை

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டையில் 2022-ல் தொடங்கிய அகழாய்வில் பல வண்ணக் கண்ணாடி மணிகள் கிடைத்தன. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம்காரர்களுக்கு இது பக்கத்து ஊர். இன்று அதே கண்ணாடி இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் வைரல். தீச்சுடரில் கண்ணாடிக் கம்பி உருகுது, முப்பது விநாடியில் உள்ளே பூ பூத்த கோலிகுண்டு ரெடி! ‘வீட்டிலேயே செய்யலாமா?’ என்ற ஆசை வருவது இயல்புதான்.

ஏன் போரோசிலிகேட்?

லேப் பீக்கர் செய்யும் கண்ணாடி இது. ஜன்னல் கண்ணாடி சூட்டில் விரிவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் இது விரியும். அதனால் சுடருக்குள் போய் வந்தாலும் சட்டென்று விரிசல் விடாது. ஆனால், இளகவே சுமார் 820 டிகிரி செல்சியஸ் வேண்டும். எனவே கேஸுடன் ஆக்சிஜன் கலந்த பர்னர் தேவை.

டிசைன் எப்படி வருகிறது?

* இறகு: மெல்லிய நிறக் கம்பியால் கோடு போட்டு, இளகியதும் டங்ஸ்டன் ஊசியால் குறுக்கே இழுப்பார்கள்.
* முறுக்கு: தெளிந்த கம்பி மேல் நிறக் கோடுகள் வைத்து, சூடாக்கி, இரு முனைகளையும் எதிரெதிராகத் திருகுவார்கள்.
* உள்ளே பூ: கண்ணாடி வட்டின் ஒரு பக்கம் நிறப் புள்ளிகள் வைத்து விளிம்பைச் சூடாக்கினால், கண்ணாடி உருண்டு சுருங்கும். புள்ளிகள் உள்ளே இழுபட்டு இதழ்களாகும். மறுபக்கம் லென்ஸ் மாதிரி அதைப் பெரிதாகக் காட்டும்.

ரீல்ஸ் காட்டாதது

வெளிப்பக்கம் முதலில் ஆறும், உள்பக்கம் பிறகு. அந்த வித்தியாசம் கண்ணாடிக்குள் இறுக்கமாகத் தங்கிவிடும். அதைப் போக்க, சூளையில் சுமார் 565 டிகிரியில் வைத்து மெல்ல ஆறவைக்க வேண்டும். இதுதான் அனீலிங். இதை விட்டால், பளபளக்கும் பென்டன்ட் சில மாதம் கழித்துக்கூட தானாக உடையலாம்.

கண்ணுக்கும் ஆபத்து உண்டு. சூடான கண்ணாடியின் மஞ்சள் ஒளியையும் அகச்சிவப்புக் கதிரையும் தடுக்கும் தனிக் கண்ணாடி அணிய வேண்டும். கூலிங் கிளாஸ் உதவாது. காற்றோட்டமில்லாத அறையில் பர்னரைப் பற்றவைக்கவே கூடாது. ஆக்சிஜன் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டாலே தீப்பிடிக்கலாம்.

பாதுகாப்பை ஒதுக்கினால் என்ன ஆகும் என்று சிவகாசி இருக்கும் மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிக் கருவி செய்பவர்களிடம் இந்த ஒழுங்கு இருக்கிறது. அவர்களை வைத்து ஐடிஐ-களில் குறுகிய காலப் பயிற்சி தொடங்கலாம். ஆர்வம் இருக்கிற இளைஞர்களுக்கு இதுவே நல்ல வழி.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கு. விலை கேட்கும் முன் ‘அனீல் பண்ணினதா?’ என்று கேளுங்கள்.