மூல ஓலை எங்கே?

கால்நடை மருத்துவ இதழ்களுக்கு முறைசார் மீளாய்வு எழுதி அனுப்புகிறவர்கள் அநேகமாக எல்லா இடத்திலும் சந்திக்கும் பெயர் ப்ரிஸ்மா. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி உலகில் நடந்த ஆய்வுகளையெல்லாம் தேடி, சலித்து, முடிந்தால் கூட்டிக் கணக்குப் போட்டு ஒரு விடை சொல்வதுதான் முறைசார் மீளாய்வு. அதை எப்படி எழுத வேண்டும் என்பதற்கு ப்ரிஸ்மா 2020 பட்டியலில் 27 அம்சங்கள் இருக்கின்றன. எந்தத் தரவுத்தளத்தில் தேடினீர்கள், என்ன சொல் போட்டுத் தேடினீர்கள், எத்தனை கிடைத்தது, எத்தனையை ஏன் தள்ளினீர்கள் என்று எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். பண்ணை விலங்குகளில் நடக்கும் சோதனைகளை எழுத 2010ல் வந்த ரிஃப்ளெக்ட் பட்டியல் தனி. அதில் 22 அம்சங்கள்.

எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு கேள்வி மட்டும் யாருக்கும் கட்டாயமாகவில்லை: நீங்கள் சேர்த்துக்கொண்ட அந்த ஆய்வு உண்மையிலேயே நடந்ததா? அதன் மூலத் தரவை யாராவது கண்ணால் பார்த்தார்களா?

இது வெறும் சந்தேகப் புத்தி என்று நினைப்பவர்கள் ஐவர்மெக்டினை நினைத்துப் பார்க்கலாம். நம் ஊர் மாட்டுக்கும் ஆட்டுக்கும் குடற்புழு நீக்கப் போடும் அதே மருந்துதான். கொரோனா காலத்தில் அது மனித உயிரைக் காப்பாற்றுகிறது என்று மீளாய்வுகள் வந்தன. அவற்றின் கணக்கில் பெரிய எடை வகித்தது எகிப்திலிருந்து வந்த ஓர் ஆய்வு. லண்டனில் ஒரு மருத்துவ மாணவர் அதன் தரவைத் திறந்து பார்த்தார். ஒரே நோயாளியின் விவரம் பலமுறை நகலெடுக்கப்பட்டதுபோல இருந்தது. 2021 ஜூலையில் அந்த முன்பதிப்பு நீக்கப்பட்டது. அதைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டபோது மருந்தின் மகிமை வெகுவாக இறங்கிப்போனது. படிவத்தை நிரப்புவதால் மட்டும் அந்தத் தில்லுமுல்லு வெளியே வந்திருக்காது. மென்பொருள்காரனுக்கு இது பழகிய காட்சி. டெஸ்ட் எல்லாம் பச்சையில் ஓடும், உள்ளே வந்த டேட்டா குப்பையாக இருக்கும்.

ப்ரிஸ்மாவின் மேல் குற்றமில்லை. எப்படி எழுதுவது என்று சொல்லும் வழிகாட்டி என்றுதான் அது தன்னைச் சொல்லிக்கொள்கிறது. 27வது அம்சம்கூட மீளாய்வு எழுதியவர் திரட்டிய தரவு கிடைக்குமா என்றுதான் கேட்கிறது, அடியில் இருக்கும் ஆய்வுகளின் தரவைக் கேட்பதில்லை. எழுத்து ஒழுங்கை உண்மைக்கான முத்திரையாக எடுத்துக்கொள்ளும் இதழ்களைத்தான் கேட்க வேண்டும்.

இதில் திருவெண்ணெய்நல்லூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரியபுராணத்தில் சுந்தரரின் வழக்கு நடந்த ஊர் அது. பாட்டன் எழுதிக்கொடுத்த அடிமை ஓலை என்று முதியவர் நீட்டியதைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழித்தது படிதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்றார் கிழவர். ஊர் அவை அதை வாங்கிப் பார்த்தது. அதோடு விடவில்லை, அந்தப் பாட்டன் எழுதிய வேறொரு ஓலையை வரவழைத்துக் கையெழுத்தையும் ஒப்பிட்டது. வந்திருப்பவர் சிவன் என்று அவைக்குத் தெரியாது. தெரியாததால்தான் ஒழுங்காக விசாரித்தார்கள்!

இப்போது அதே ஊரில் இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் ஒருவருக்கு மடிநோய் என்றால் என்ன அர்த்தம் என்று பாருங்கள். பால் திரிகிறது, சொசைட்டியில் ஊற்ற முடியாது. ஆண்டிபயாடிக் போட்டால் குறிப்பிட்ட நாட்கள் வரை பாலை விற்கக் கூடாது. இன்னொரு பக்கம் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் தடவச் சொல்லும் மரபு வைத்தியம் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அதை எழுதி வைத்தார்கள், தேசிய பால்வள வாரியம் நாடெங்கும் பரப்புகிறது. மருந்தா, கற்றாழையா? அவருக்கு வேண்டியது நேரான ஒரு பதில்.

கற்றாழைக் கட்சி “இத்தனை மாடு குணமாச்சு” என்கிறது. லேசான மடிநோய் பல தானாகவே ஆறும். தடவாத மாடுகளின் கணக்கு பக்கத்தில் இல்லாமல் குணமான கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எதிர்க்கட்சி “தரமான ஆதாரம் இல்லை” என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறது. ஆங்கில இதழ்களை மட்டும் தேடிவிட்டு அப்படிச் சொன்னால் அதுவும் ஏமாற்றுதான். நம் வேளாண், கால்நடைப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் கிருஷிகோஷ் களஞ்சியத்தில் கிடக்கின்றன. அந்தக் கதவைத் தட்டினாயா என்று இதழ் கேட்க வேண்டாமா?

தரவு கேட்டால் யாரும் தர மாட்டார்கள் என்பார்கள். தராவிட்டால் போகட்டும், அதை எழுதுங்கள். சேர்த்த ஒவ்வொரு ஆய்வுக்கும் எதிரே ஒரு கட்டம்: கேட்டோம், தந்தார்கள், மறுத்தார்கள், பதிலே இல்லை. தந்தவற்றை மட்டும் வைத்து ஒரு கணக்கு, எல்லாவற்றையும் வைத்து ஒரு கணக்கு. இரண்டும் ஒத்துப்போகிறதா என்று வாசகர் பார்த்துக்கொள்வார். மனித மருத்துவத்தில் நோயாளியின் அந்தரங்கம் என்று ஒரு நியாயமான தடை உண்டு. மாட்டுக்கு என்ன அந்தரங்கம்? பண்ணையின் பெயரை மறைத்துவிட்டுக் காதுத்தோடு எண்ணோடு அட்டவணையைக் கொடுப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆசிரியர் வழிகாட்டியில் இதற்கு இரண்டு வரி போதும். மூலத் தரவைக் கேட்ட விவரம் இல்லாத மீளாய்வு பரிசீலனைக்கே எடுக்கப்படாது என்பது ஒன்று. ஆய்வு நடந்த நாட்டின் ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் தேடாததற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் எழுத மறுக்கிற இதழ், 27 கட்டத்திலும் டிக் வாங்கி வைத்துக்கொண்டு மாட்டுக்காரருக்கு வைத்தியம் சொல்ல வரக் கூடாது.