உழுகிறவர் பெயரில் ஒரு சான்று வேண்டும்

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கு,

காவிரிப் படுகையின் குத்தகைச் சாகுபடியாளர்களுக்காக இதை எழுதுகிறேன்.

2021 ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழை, அறுவடைக்கு நின்ற சம்பா நெல்லைச் சாய்த்தது. அடுத்த மாதமே கூட்டுறவுச் சங்கங்களில் 16.43 லட்சம் விவசாயிகள் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனை அரசு தள்ளுபடி செய்தது. நல்ல காரியம். ஆனால் சங்கத்தில் கடனே கிடைக்காமல் வட்டிக்கு வாங்கி நட்டவருக்கு அதில் தள்ளுபடி செய்ய என்ன இருந்தது? நெல் சாய்ந்தது அவருக்கும்தான். மூன்று மா, ஆறு மா என்று பிறர் நிலத்தை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்து, வீட்டாள்களையே நம்பிச் சாகுபடி செய்கிறவர் அவர். விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகை நெல்லை அளக்க வேண்டியவரும் அவரே.

ஒன்றிய அரசின் பி.எம். கிசான் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது. அது நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான். பயிர்க் காப்பீட்டு விதிகள் குத்தகைதாரரையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் அதற்குத் தேவையான அடங்கல் பதிவைக் கேட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் போனால், பட்டாதாரரின் சம்மதம் எங்கே என்ற கேள்வி வந்துவிடுகிறது. உரம், விதை, பூச்சிமருந்து என எல்லாச் செலவும் ஒருவர் தலையில். நிவாரணத் தொகையோ ஊரைவிட்டுப் போய்ப் பல காலமான இன்னொருவரின் வங்கிக் கணக்கில். இது நியாயமல்ல. சொந்த நிலம் உள்ள சிறு குடும்பங்களிலும் பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் கூட்டாகக் கிடப்பதால் இதே கதவடைப்பு நடக்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நிலக் கைப்பற்றின் சராசரி அளவு 0.75 எக்டேர்தான். இவ்வளவு சிறிய நிலத்தில் ஒரு போகம் பொய்த்தால் அடுத்த போகத்துக்கு விதை வாங்கக்கூடக் கையில் காசிருக்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யவும் சட்டம் வந்தது. பதிந்துவிட்டால் குத்தகைதாரரை வெளியேற்றவே முடியாது என்று நிலம் வைத்திருப்பவர்கள் பயந்தார்கள். எழுத்தில் எதுவும் தராமல் வாய்ப்பேச்சிலேயே நிலத்தை விட்டார்கள். காப்பதற்காக வந்த பதிவேட்டுக்கு வெளியே இப்படித்தான் நிறையப் பேர் நின்றுபோனார்கள்.

ஆகவே குத்தகை உரிமை என்ற பேச்சையே இதில் கலக்க வேண்டாம். இந்தப் போகத்தில் இந்தப் புல எண்ணில் சாகுபடி செய்பவர் இவர் என்று மட்டும் சொல்லும் சான்று போதும். நிலத்தின்மேல் எந்த உரிமையையும் அது தராது. கடன், காப்பீடு, இடுபொருள் மானியம், வெள்ள நிவாரணம், நெல் கொள்முதல் ஆகியவற்றுக்கு மட்டும் செல்லும். ஆந்திரத்தில் 2019இல் இப்படியொரு சட்டம் செய்து 11 மாதத்துக்கு அட்டை கொடுத்தார்கள். நில உரிமையாளரின் கையெழுத்து அங்கே கட்டாயம். பலர் போட மறுத்தார்கள், அட்டை கிடைக்காமல் குத்தகைதாரர்கள் திண்டாடினார்கள். நாம் அந்தக் கையெழுத்தைக் கேட்கக் கூடாது. வயலை நேரில் பார்த்து, பக்கத்து வயல்காரர்களிடம் விசாரித்து, கிராம சபையில் பட்டியலை வாசித்தால் உண்மை வெளிவந்துவிடும். எந்த வயலை யார் உழுகிறார் என்பது ஊருக்குத் தெரியாத ரகசியமா?

கோயில் நிலங்களில் தொடங்குங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் கோயில்களின் நன்செய் ஏராளம். அங்கே குத்தகை வசூலைக் கவனிப்பது அரசின் அறநிலையத் துறை. எனவே தனியார் யாருடைய தயவும் இதற்குத் தேவையில்லை. கோயில் குத்தகையில் உள்குத்தகையும் உண்டு. அதனால் ரசீதில் உள்ள பெயரோடு நிற்காமல் வயலில் இறங்கி வேலை செய்கிறவரைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

வருவாய், வேளாண்மை, கூட்டுறவு, அறநிலையத் துறை நான்கும் சேர்ந்தால்தான் இது நடக்கும். நான்கையும் ஒரே மேசைக்கு அழைக்கக் கூடியவர் நீங்கள் என்பதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். வரும் சம்பாவுக்கு நாற்று விடுவதற்கு முன்பே அரசாணை வெளியாக வேண்டும். காப்பீட்டுக்குப் பதியும் கெடு முடிந்தபின் வரும் சான்றால் அந்தப் போகத்துக்குப் பயனில்லை.

இப்படிக்கு,
படுகை விவசாயி ஒருவர்